புனைபெயரில் முதல் கவிதைத் தொகுப்பு: பெங்களூரிலிருந்து கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே தமிழில் கவிதை எழுதுகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அதில் காதலையும் உடலையும் ஏக்கத்தையும் எழுதுகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், சொந்தப் பெயரில் புத்தகம் போடத் தயங்குகிறார்கள். சரி, புனைபெயரில் போட்டுவிடலாம் என்று துணிந்த பிறகும் எந்தக் காகிதத்தில் எந்தப் பெயரை எழுதுவது, யாரிடம் எவ்வளவு சொல்வது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. சென்னையில் இருந்தால் நாலு பேரைப் பார்த்துக் கேட்டுவிடலாம். இங்கே ஒவ்வொரு வாசலாகத் தட்டித்தான் நான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். உங்கள் புத்தகத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். கவிதைக்குள் 'நான்' என்று பேசுகிறவர் ஒருவர். அட்டையில் பெயர் போட்டுக்கொள்கிறவர் இன்னொருவர். ஆதாரிலும் பானிலும் இருக்கிறவர் மூன்றாமவர். கவிதையில் இந்த மூவரும் ஒருவராகிவிடக் கூடாது. காகிதத்தில், பின்னவர் இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று இருந்தே ஆக வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு வேலைகளுக்காகத்தான். வரிசையை மாற்றாதீர்கள். அச்சுக்குப் போன பிறகு முதல் படிக்குத் திரும்ப முடியாது.

1. கவிதைக்குள் பேசுவது யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

செலவு: பிரிண்ட் எடுக்கும் காசு. நேரம்: குறைந்தது ஒரு மாதம். இதற்கு அவசரப்படாதீர்கள்.

தொகுப்பு முழுவதையும் காகிதத்தில் எடுத்து, 'நான்' வரும் ஒவ்வொரு கவிதையின் ஓரத்திலும் பென்சிலால் எழுதுங்கள்: பேசுகிறவருக்கு என்ன வயது, எந்த ஊர், என்ன தொழில், யாரிடம் பேசுகிறார், அவருக்கு என்ன வேண்டும், எதைச் சொல்லாமல் விடுகிறார். எல்லாக் கவிதைக்கும் ஒரே பதில் வந்தால், உங்களிடம் இருப்பது தொகுப்பு அல்ல, நாட்குறிப்பு. நாட்குறிப்புக்கு எந்தப் புனைபெயர் வைத்தாலும் தெரிந்தவர்கள் மூன்றாம் பக்கத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தப் பயிற்சி என் கண்டுபிடிப்பு அல்ல. லிஸ்பனில் வணிக நிறுவனங்களுக்குக் கடிதம் மொழிபெயர்த்துக் கொடுத்துப் பிழைத்த ஃபெர்னாண்டோ பெசோவா (1888–1935) தன் கவிதைகளைப் பல பேராகப் பிரித்து எழுதினார். ஆல்பெர்த்தோ கையேரோ அதிகம் படிக்காதவர், கிராமத்தில் வயதான அத்தையோடு இருந்தவர். ரிக்கார்தோ ரெய்ஸ் மருத்துவர். ஆல்வரோ டி காம்போஸ் கப்பல் பொறியாளர். பெயரை மட்டும் மாற்றாமல், ஒவ்வொருவருக்கும் பிறப்பும் தொழிலும் மனப்போக்கும் கொடுத்தார். அதனால்தான் காம்போஸ் கத்துகிற இடத்தில் ரெய்ஸ் அடங்கிப் பேசுகிறார். உங்கள் ஓரக் குறிப்புகளும் அந்த அளவுக்குத் துலக்கமாக இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இது இன்னும் பழைய வழக்கம். அகப்பாடல் என்றாலே கூற்றுதான்: தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தோழியாகவே பேசுகிறார். 'கண்ணன் பாட்'டில் பாரதி கண்ணனைத் தாயென்றும் சேவகனென்றும் காதலனென்றும் பாடும்போது, பாடுகிற 'நான்' ஒவ்வொரு பாட்டிலும் வேறொருவராகிறது. நவீன கவிதைக்கு வந்தால், டி.கே. துரைசாமி என்ற ஆங்கிலப் பேராசிரியர் நகுலனாகி, சுசீலா என்ற ஒரு பெயரைத் தன் எழுத்து நெடுகக் கொண்டுபோனார். சுசீலா யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் அந்த எழுத்துக்குள்ளேயேதான் இருந்தது.

இவ்வளவு பெரிய மரபு கையில் இருந்தும் நம் வாசகர்களில் பலர், ஆண் எழுதினால் கற்பனை என்றும் பெண் எழுதினால் வாக்குமூலம் என்றும் படிக்கிறார்கள். இது அநியாயம். இதற்காக நீங்கள் எழுத்தை மழுக்க வேண்டியதில்லை. பேசுகிறவரை அழுத்தமாக உருவாக்கினால் போதும்.

எப்படி என்று ஒரு கவிதையை வைத்தே காட்டுகிறேன். என் பழைய வரிகள்:

உன்னை நினைத்தபடி
அறையில் தனித்திருக்கிறேன்
வெளியே மழை

இதில் பேசுவது யார்? யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் நான்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். ஓரக் குறிப்பில் பேசுகிறவரை மாற்றினேன்: பெள்ளந்தூரில் ஓர் அடுக்குமாடியில் இரவுக் காவல் பார்க்கும் ஒருவர், வயது நாற்பதுக்கு மேல், ஊர் திருவண்ணாமலைப் பக்கம், யாரிடம் பேசுகிறாரோ அவரிடம் ஒரு நாளும் பேசப்போவதில்லை.

உங்கள் ஹாரன் எனக்குத் தெரியும்.
வருகை நோட்டில்
ஃபிளாட் எண் மட்டும் எழுதுகிறேன்.
மழை நாளில்
கேட் கம்பியை மெதுவாகத் தூக்குவேன்.
துரு என்று
சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆசை என்ற சொல் இதில் இல்லை. 'துரு' என்ற சாக்கில்தான் இருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட் 1915இல் வெளியிட்ட ப்ரூஃப்ராக் கவிதையைப் படித்திருந்தால் இந்த முறை புரியும். இருபதுகளில் இருந்தபோது எழுதிய அந்தக் காதல் பாட்டில் அவர் பேசவைத்தது, தலைமயிர் கொட்டிக்கொண்டிருக்கும் ஒரு தயக்கக்காரரை. கேட்க வந்ததைக் கேட்காமலே கவிதை முடிகிறது. அந்தக் கேட்காமைதான் அங்கே ஆசை.

ஒரு எச்சரிக்கை. பேசுகிறவரின் வேலையையும் பேச்சையும் நீங்கள் அருகில் இருந்து கேட்டிருக்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் வருகை நோட்டு எப்படி இருக்கும், இரவு ஷிஃப்ட் எப்போது மாறும் என்று எனக்குத் தெரியும். தெரியாத உழைப்பாளியின் குரலை இரவல் வாங்கினால் ஒரே வரியில் வெளிறிவிடும், அவருக்கு அவமரியாதையும் ஆகும்.

2. காதல் கவிதைகளில் நிஜ மனிதர்களைத் தேடி நீக்குங்கள்

'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்கிறது தொல்காப்பியம். ஐந்திணைக் காதலைப் பாடும்போது இன்னார் என்று ஒருவரின் பெயரைச் சுட்டக் கூடாது. இன்றைக்கு இதைச் சட்டக் காரணத்துக்காகவும் கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

பெயரை நீக்கினால் மட்டும் போதாது. மன்யதா டெக் பார்க்கில் இன்ன கட்டடம், கன்னத்தில் தழும்பு, மதுரைப் பேச்சு, இரண்டு பெண் குழந்தைகள் என்று நான்கு அடையாளம் சேர்ந்தால் அலுவலகமே ஆளைச் சொல்லிவிடும். ஒரு கவிதையில் ஒருவரைப் பற்றி நிஜ அடையாளம் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிந்த கணவர், பழைய மேலாளர், வீட்டு உறவினர் ஆகியோர் கெட்டவராக வரும் கவிதைகளைத் தனியாக எடுத்து வைத்துக் கடைசியில் இன்னொருமுறை பாருங்கள். அவதூறு வழக்கு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 356ஆம் பிரிவில் வரும், ஆபாசம் என்ற புகார் 294இல் வரும். இலக்கியத்தின் பொருட்டு வெளியாவதற்கு 294இலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் விலக்கை நீதிமன்றத்தில் நிரூபிப்பதற்குள் வருடங்கள் போய்விடும்.

பலரும் கவனிக்காத பொறி ஒன்று: அவர் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரியை அப்படியே கவிதையில் வைத்திருப்பீர்கள். கடிதமோ குறுஞ்செய்தியோ, கையில் இருப்பது உங்களுக்குச் சொந்தம், எழுத்தின் உரிமை எழுதியவருக்குச் சொந்தம். அந்த வரியை உங்கள் சொல்லில் மாற்றி எழுதுங்கள், அல்லது எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சம்மதம் கேட்டால் யார் எழுதுவது என்பது தெரிந்துவிடும் என்பதால், மாற்றி எழுதுவதே நல்லது.

'பேசுவது நான் இல்லை, பாத்திரம்' என்ற பதில் எல்லா இடத்திலும் செல்லாது. 1994இல் ஒரு வங்கி ஊழியர் சங்க இதழில் வெளியான மராத்திக் கவிதையில் காந்தியின் வாயில் கெட்ட வார்த்தைகளை வைத்திருந்தார் கவிஞர். 2015இல் உச்ச நீதிமன்றம், வரலாற்றில் போற்றப்படும் ஒருவரின் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கவிஞருக்குரிய சுதந்திரம் கவசமாகாது என்றது. முன்பே மன்னிப்புக் கேட்டிருந்த வெளியீட்டாளரை விடுவித்தது, கவிஞரை விசாரணையை எதிர்கொள்ளச் சொன்னது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. ஆனாலும் முதல் தொகுப்பில் காந்தி, பெரியார், அம்பேத்கர், சாமி பெயர்கள் ஆசைக் கவிதையில் பேசுகிறவராக இருந்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். ஒரு மணி நேர ஆலோசனைக்கு நான் 2,000 ரூபாய் கொடுத்தேன்.

முகப்பில் பிறர் கவிதை வரியை வைக்க ஆசைப்படுவீர்கள். பாரதி நாட்டுடைமை, கவலை இல்லை. மற்றவர்களுக்கு ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் கணக்கு. எலியட் இறந்தது 1965இல், ஆகவே அவர் வாழ்நாளில் வெளியானவற்றுக்கு இந்தியாவில் 2025 டிசம்பர் வரை உரிமை இருந்தது. பெசோவா தன் வாழ்நாளில் வெளியிட்ட மூலத்துக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் நீங்கள் படித்த மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, அதற்கு அனுமதி வேண்டும்.

3. அட்டைப் பெயரை முடிவு செய்யுங்கள்

குழந்தையின் பெயர், பிறந்த ஊர், பள்ளிக்காலச் செல்லப்பெயர் எதுவும் வேண்டாம். கூகுளிலும் புத்தகக் கடைத் தளங்களிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடி, அதே பெயரில் இன்னொரு எழுத்தாளர் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், ஆங்கில எழுத்துக்கோப்பை (ஸ்பெல்லிங்கை) இன்றைக்கே முடிவு செய்வது. 'யாழினி' என்று ஒரு பெயர் வைத்தால் ழகரத்தை எழுதுவதற்கே இரண்டு மூன்று வழி இருக்கிறது. அஃபிடவிட் என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் ஒன்று, புத்தக அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். விண்ணப்பத்தில் ஒன்று, ஒப்பந்தத்தில் ஒன்று என்று போனால் பிறகு மூன்றும் ஒருவர்தான் என்று நிரூபிக்க இன்னொரு பத்திரம் வேண்டும்.

வேலை பார்க்கும் இடத்தின் விதிகளையும் இப்போதே பாருங்கள். மென்பொருள் நிறுவனங்களின் நியமன ஒப்பந்தத்தில் 'ஊழியர் உருவாக்கும் அனைத்தும்' என்று விரிவாக ஒரு பிரிவு இருக்கும். அலுவலக மடிக்கணினியிலும் அலுவலக மின்னஞ்சலிலும் கவிதை எழுதாதீர்கள். எச்.ஏ.எல்., பி.இ.எல். போன்ற பொதுத்துறையில் இருப்பவர்களுக்கு நடத்தை விதிகள் தனியாக உண்டு. புனைபெயரில் எழுதினாலும் எழுதியது நீங்கள்தான் என்றே கணக்கு. ஒரு கடிதம் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குவது பாதுகாப்பு.

4. கோப்பைச் சுத்தம் செய்யுங்கள்

வேர்ட் கோப்பின் பண்புகளில் எழுதியவர் பெயர் தானாகவே பதிந்திருக்கும். பி.டி.எஃப். ஆக்கினாலும் கூடவே போகும். கூகுள் டாக்ஸில் பகிர்ந்தால் உங்கள் கணக்கின் பெயரும் படமும் தெரியும். புனைபெயரில் தனி மின்னஞ்சல் திறந்து, புதிய கோப்பில் வரிகளை மட்டும் ஒட்டி, அங்கிருந்து அனுப்புங்கள். பழைய கவிதைகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை என்றால் யூனிகோடுக்கு மாற்றிய பின் ஒவ்வொரு வரியையும் கண்ணால் பாருங்கள். ஒகர ஓகாரக் கொம்புகள் இடம் மாறியிருக்கும்.

5. ஒரு அஃபிடவிட் எடுத்து வையுங்கள்

இரண்டு பெயரும் ஒருவரே என்பதற்கான சான்று இதுதான். நடைமுறையில் ஒரு நாள் வேலை.

இதற்கு முன் ஒரு பெரிய பொறியைச் சொல்லிவிடுகிறேன். கோர்ட் வாசலில் இருக்கும் தரகர்கள், 'பெயர் என்றால் கெஜட்டில் (அரசிதழில்) போட வேண்டும் மேடம்' என்று சில ஆயிரம் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். கெஜட் அறிவிப்பு உங்கள் சட்டப்பெயரையே மாற்றுவதற்கு. பாஸ்போர்ட், வங்கி, சான்றிதழ் எல்லாம் மாற்ற வேண்டி வரும். போதாக்குறைக்கு இரண்டு பெயரும் சேர்ந்து பத்திரிகை விளம்பரத்திலும் வரும். புனைபெயருக்கு அது எதுவும் தேவையில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உங்கள் பகுதியில் இ-ஸ்டாம்ப் தரும் சௌஹார்த சொசைட்டிக்கு (கூட்டுறவுச் சங்கத்துக்கு) ஆதார், பான் நகலோடு போங்கள். அஃபிடவிட்டுக்கு என்று சொல்லி 100 ரூபாய் ஸ்டாம்ப் கேளுங்கள். முதல் தரப்பு என்ற இடத்தில் ஆதாரில் இருப்பது போலவே பெயர் வர வேண்டும், புனைபெயரை அங்கே எழுதவிடாதீர்கள். வாசகம் ஆங்கிலத்தில் இருந்தால் நோட்டரிக்கு எளிது. இன்ன முகவரியில் வசிக்கும் நான் இன்ன புனைபெயரில் எழுதுகிறேன், இரண்டும் என்னையே குறிக்கும், இன்ன தலைப்பிலான கவிதைகளை எழுதியது நானே, இந்த மூன்று செய்தி போதும். புனைபெயரைத் தமிழ் எழுத்திலும் நீங்கள் தேர்ந்த ஆங்கில எழுத்துக்கோப்பிலும் ஒரே வரியில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். கன்னடத் தட்டச்சர்களிடம் தமிழ் எழுத்துரு இருக்காது. நான் அந்த வரியை வீட்டிலேயே அடித்து பென்டிரைவில் கொண்டுபோனேன். மேயோ ஹால் பக்கம் நோட்டரிகள் வரிசையாக இருக்கிறார்கள். தட்டச்சும் நோட்டரியும் சேர்த்து எனக்கு 400 ரூபாய்க்குள் ஆனது. நோட்டரியின் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து வாங்கப்படுகிறதா என்று பாருங்கள். வாங்காமல் முத்திரை மட்டும் குத்தித் தந்தால் அந்தக் காகிதத்தை நம்ப முடியாது.

அசல் உங்களிடம். ஸ்கேன் ஒன்று நம்பிக்கையான ஒருவரிடம். பதிப்பாளருக்கு நகல் மட்டும்.

6. பதிப்பாளரோடு ஒப்பந்தம்

தமிழில் கவிதைப் புத்தகங்கள் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே நடக்கின்றன. உங்களுக்கு அது கூடாது. 'நமக்குள்ள எதுக்கும்மா அக்ரிமென்ட்?' என்று அன்பாகக் கேட்பார்கள். அன்பாகவே, வேண்டும் சார் என்று சொல்லுங்கள்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்த நூல், என்னென்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பவை அதில் இருக்க வேண்டும். ஆண்டு எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு எழுதாவிட்டால் இந்தியா என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஒரு வருடத்துக்குள் புத்தகம் வராவிட்டால் கொடுத்த உரிமை காலாவதியாகும். 'நிரந்தரமாக', 'அனைத்து உரிமைகளும்' என்ற சொற்கள் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல் மூன்றையும் தனித்தனியாகப் பேசுங்கள். மொழிபெயர்ப்பு உரிமையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் இருக்கிறீர்கள், கன்னடத்துக்குப் போகும் வாய்ப்பு சீக்கிரமே வரும்.

புனைபெயருக்காகச் சேர்க்க வேண்டிய வாசகங்கள் மூன்று. ஒப்பந்தக்காரர் உங்கள் சட்டப்பெயர், 'இன்ன புனைபெயரில் எழுதும்' என்று அடுத்த வரி. அட்டையிலும் உள்ளேயும் பட்டியலிலும் விளம்பரத்திலும் இணையக் கடையிலும் புனைபெயர் மட்டுமே. உங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் சட்டப்பெயரையும் படத்தையும் ஊரையும் யாருக்கும் தரக் கூடாது, வரித்துறையும் நீதிமன்றமும் கேட்டால் மட்டும் விலக்கு. அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு, உங்கள் எழுத்தைச் சிதைத்து வெளியிடுவதைத் தடுக்கும் உரிமையையும் தருகிறது. ஆசை வரும் கவிதைகளில் 'கொஞ்சம் மென்மையாக்கிவிட்டேன்' என்று சொல் மாற்றுகிறவர்கள் இருப்பதால் இதை நினைவில் வையுங்கள். எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் ஒரு சொல்லும் மாறக் கூடாது என்று நான்காவதாகச் சேர்த்தால் இன்னும் நல்லது.

ராயல்டி பத்து விழுக்காடு என்று பேச்சு இருக்கும். முதல் கவிதைத் தொகுப்புக்குப் பல இடங்களில் பணத்துக்குப் பதில் பிரதிகள்தான். எதுவானாலும் எண்ணிக்கையை எழுதுங்கள். காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ சட்டப்பெயருக்குத்தான் வர வேண்டும். புனைபெயருக்கு எழுதிய காசோலையை வங்கி எடுக்காது. ராயல்டி வரி வரம்பைத் தாண்டினால் பத்து விழுக்காடு பிடித்துக் கொடுப்பார்கள், பான் தராவிட்டால் இருபது.

7. நீங்களே வெளியிடுவதானால்

அச்சகம் ஆசிரியர் பெயரைப் பற்றிக் கேள்வி கேட்காது, அது ஒரு நிம்மதி. 96 பக்கம், டெமி ஒன்றுக்கு எட்டு அளவு, உள்ளே மேப்லித்தோ காகிதம், அட்டை ஆர்ட் கார்டு, பெர்ஃபெக்ட் பைண்டிங், 300 பிரதி என்று சென்னையில் நான் விசாரித்தபோது பிரதிக்கு 60 ரூபாய் சுற்றி வந்தது. லேஅவுட் பக்கத்துக்கு 30, அட்டை வடிவமைப்பு 4,000. பார்சல் லாரியில் கலாசிப்பாளையம் வந்து சேரும். பக்க எண்ணிக்கையைப் பதினாறின் மடங்கில் வைத்தால் காகிதம் வீணாகாது.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு அரசின் தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. 'வாங்கித் தருகிறோம், ஐயாயிரம்' என்பவர்களைக் கடந்து போங்கள். அடையாளச் சான்று, முகவரி, புத்தகத்தின் தலைப்புப் பக்கம், அட்டை ஆகியவை கேட்பார்கள். கவனிக்க வேண்டிய இடம் இது: தனிநபராக விண்ணப்பித்தால் வெளியீட்டாளர் பெயர் நீங்களே. அந்தப் பெயர் பட்டியல்களில் ஏறும், பிறகு இறக்க முடியாது. அதனால் தெரிந்த சிறு பதிப்பகம் ஒன்றின் வழியாக எண் வாங்குவது புனைபெயர்க்காரர்களுக்குப் பாதுகாப்பு. சில வாரங்கள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் வரும்வரை அட்டையை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

8. பதிப்புரிமையைப் பதிவு செய்ய வேண்டுமா?

கட்டாயமில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது. பதிவு ஒரு கூடுதல் சான்று மட்டும். இணையத்தில் விண்ணப்பம், இலக்கிய நூலுக்கு 500 ரூபாய், எதிர்ப்புக்காக 30 நாள் காத்திருப்பு, அதன் பிறகு ஆய்வு. பதிப்பாளர் வேறொருவர் என்றால் அவரிடம் தடையில்லாக் கடிதம். ஆனால் அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். சட்டப்பெயரையும் முகவரியையும் கொடுத்துப் பதிந்தால் புனைபெயரின் காவல் அங்கேயே உடைந்துவிடும். என் கருத்தில், வீட்டுச் சூழலுக்குப் பயந்து புனைபெயர் வைத்தவர்கள் பதிவு செய்யாமல் அஃபிடவிட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு கணக்கை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சொந்தப் பெயர் வெளிப்பட்ட நூலுக்கு உரிமை ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டு. யார் என்று தெரியாத புனைபெயர் நூலுக்கு வெளியான பின் 60 ஆண்டுதான். 2026இல் புத்தகம் வந்து, எழுதியவர் 2070இல் காலமானார் என்றால் முன்னது 2130 வரை, பின்னது 2086 வரை. அந்த 60 ஆண்டு முடிவதற்குள் நீங்களும் பதிப்பாளரும் சேர்ந்து பெயரை வெளியிட்டால் நீண்ட கணக்கு கிடைத்துவிடும். இன்றைக்கு வேண்டாம் என்றாலும் என்றைக்காவது செய்யலாம். ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி இருக்கட்டும்.

9. மெய்ப்பில் முதலில் பார்க்க வேண்டியது நான்காம் பக்கம்

மெய்ப்பு என்பது அச்சுக்கு முன் திருத்துவதற்காக வரும் பிரதி. அதில் கவிதைகளைப் பிறகு பாருங்கள். நூல் விவரப் பக்கத்தில் 'உரிமை:' என்ற வரியை முதலில் பாருங்கள். எனக்கு வந்த மெய்ப்பில் அட்டையிலும் தலைப்புப் பக்கத்திலும் புனைபெயர் சரியாக இருந்தது. உரிமை வரியில், ஒப்பந்தத்தைப் பார்த்து அடித்த யாரோ என் முழுப் பெயரையும் இனிஷியலோடு வைத்திருந்தார்கள். ஒரு வரி. அச்சாகியிருந்தால் 300 பிரதியிலும் இருந்திருக்கும். திருத்திய மெய்ப்பு வந்த பிறகும் அந்தப் பக்கத்தை மீண்டும் பாருங்கள். நன்றியுரையில் கணவர், பிள்ளை, மேலாளர் பெயர்களும் இதே வேலையைச் செய்யும். முதலெழுத்து போட்டாலும் ஆபத்துதான். பின்னட்டை ஆசிரியர் குறிப்பில் 'பெங்களூரில் வசிக்கிறார்' என்பதற்கு மேல் வேண்டாம்.

அடுத்து வரியமைப்பு. உரைநடை போல இருபக்கமும் சமப்படுத்தியிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நீளமான வரி மடிந்து இரண்டாக விழுந்திருக்கும் இடங்களை வட்டமிடுங்கள். பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடம் அது. வரி மாறினால் ஆளே மாறிவிடுவார்.

10. விற்பனையில் பெயர் கசியும் இடங்கள்

ஜிபேயிலோ ஃபோன்பேயிலோ யாராவது உங்கள் க்யூஆரை ஸ்கேன் செய்தால் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் அவர் திரையில் வரும். வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்தால் ட்ரூகாலர் பெயரைச் சொல்லும். கூரியர் உறையில் அனுப்புநர் முகவரி இருக்கும். ஆகவே நேரடி விற்பனையே வேண்டாம். பதிப்பாளரோ கடையோ பணம் வாங்கட்டும், அவர்கள் முகவரியிலிருந்து போகட்டும். மதிப்புரைக்கு அனுப்பும் பிரதிகளும் அப்படியே. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் கடைக்காரருக்கும் அதிகச் சிக்கல் இல்லை.

விருதுகளுக்கு அனுப்பும் முன் விதியைப் படியுங்கள். சாகித்திய அகாதெமியின் இளம் எழுத்தாளர் விருதான யுவ புரஸ்காருக்கு வயது 35க்குள் இருக்க வேண்டும், வயதுச் சான்று வேண்டும். சான்றில் சட்டப்பெயர்தான் இருக்கும். போகலாமா வேண்டாமா என்பதை அப்போது முடிவு செய்யலாம்.

11. காலக்கணக்கும், புத்தகம் வந்த பிறகும்

சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வரும். அதில் புத்தகம் இருக்க வேண்டும் என்றால் கையெழுத்துப் பிரதி ஆகஸ்ட்டுக்குள் பதிப்பாளர் கையில் இருக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் அச்சகங்கள் நிரம்பி வழியும், உங்கள் மெய்ப்பை யாரும் பொறுமையாகத் திருத்த மாட்டார்கள். பின்னோக்கிக் கணக்கிட்டால், முதல் இரண்டு படிகளை கோடையிலேயே தொடங்குங்கள். அஃபிடவிட் ஜூலையில். ஒப்பந்தம் பிரதியைக் கொடுக்கும் அன்றே. நேரம் கொடுத்து யோசிக்கத் தெரிந்த பதிப்பாளர் கிடைத்தால், ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்றே சொல்வேன்.

வாசிப்புக்கு அழைப்பு வரும். அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, நண்பர்கள் வீட்டு மாடிகளிலும் கூட்டங்கள் நடக்கும். நீங்கள் போய் வாசிப்பதா, நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்வதா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். நீங்களே போனால், படம் எடுக்கக் கூடாது என்று அமைப்பாளரிடம் அழைப்பை ஏற்கும்போதே சொல்லுங்கள், மேடையில் சொல்வது தாமதம். 'இது உங்கள் அனுபவமா?' என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அந்தக் கவிதையில் பேசுகிறவரைப் பற்றி, முதல் படியில் எழுதிய ஓரக் குறிப்பிலிருந்து இரண்டு வாக்கியம் சொல்லுங்கள்: அவர் இரவுக் காவலர், பெள்ளந்தூரில் வேலை பார்க்கிறவர். பேச்சு கவிதைக்குத் திரும்பிவிடும்.

கடைசி வேலை, பலர் மறக்கும் வேலை. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் வெளியீட்டாளர் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமரா, மும்பை மாநில மைய நூலகம், டெல்லி பொது நூலகம் நான்குக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். பதிப்பாளர் செய்தாரா என்று கேட்டு, ரசீதுகளை வாங்குங்கள். நீங்களே வெளியிட்டிருந்தால் நீங்களே அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீதுகள் நான்கையும் அஃபிடவிட்டும் ஒப்பந்தமும் இருக்கும் அதே கோப்பில் சேர்த்து வையுங்கள்.